மகரக்கட்டு

தம்பி, அதை மேல வைக்காதிய. இந்த பஸ் டிரைவர் ஓட்டுற ஓட்டுக்குக் கயத்தாறு தாண்டுறதுக்குள்ள ஏதாவது ஒடிஞ்சிரும். இப்படி நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல நிறுத்துங்க. நான் பிடிச்சுக்கிடுதேன். கிடார்தானே? உறையைப் பாத்ததுமே தெரிஞ்சுட்டு.

எங்க போறிய, மதுரையா? நான் விருதுநகர். அங்க ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில வேலை. முன்னால கடை, பலகைத் தடுப்புக்குப் பின்னால நான். லென்ஸ் தேய்க்கிற மிஷின் ஒண்ணு, நான் ஒண்ணு. இருபத்தாறு வருஷம் ஆச்சு. மிஷின் ஓடுதப்ப அடுத்தவன் பேசினாலும் கேக்காது, நான் பேசினாலும் கேக்காது. எனக்கு அது சௌகரியம். நான் பொதுவா யாருகிட்டயும் பேசுற ஆள் இல்ல.

நீங்க கூட்டா சேந்து வாசிக்கியளா? எத்தன பேரு? நாலா? நாங்களும் நாலுதான். ஆனா உங்க வயசு கூட எங்களுக்கு இல்ல. பதினஞ்சு. பாளையங்கோட்டையில, எண்பத்தஞ்சாம் வருஷம். பத்தாங்கிளாஸ் பரிட்சை எழுதிட்டு லீவுல சும்மா கிடந்தோம்.

உங்க குழுவுல பாடுறது யாரு, பொண்ணா? நல்லது. எங்களுக்கு அதுக்கு வழியில்ல. சினிமாப் பாட்டுன்னா பாதி ஜோடிப் பாட்டுலா. பொண்ணு குரல் வேணும். அந்தக் காலத்துல எந்த வீட்டுல பொண்ணை மேடைக்கு விடுவாவ? பெரிய பெரிய குழுக்காரங்க வெளியூர்ல இருந்து பாட்டுக்காரியைக் கூட்டிட்டு வருவாவ. மீசை முளைக்காத பயலுவளுக்கு எவ வருவா?

அதனால நான்தான் பாடினேன்.

சிரிக்கணும்னா சிரிங்க, பரவாயில்ல. இப்ப இந்தக் குரலைக் கேட்டுட்டு நம்பச் சொன்னா யாரும் நம்ப மாட்டாவ. ஏதோ டின்னுக்குள்ள கல்லைப் போட்டு உருட்டுன மாதிரி இருக்கு. அப்ப அப்படி இல்ல. எங்க வேதக் கோயில் பாடகர் குழுவுல நான் பொம்பளைப் பிள்ளைகள் வரிசையிலதான் நிப்பேன். அந்தப் பிள்ளைகளே எட்டாத இடத்துக்கு நான் சாதாரணமா போயிட்டு வருவேன். ஞாயித்துக்கிழமை அது பெருமை. திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனா அதே குரல்தான் அசிங்கம். வாத்தியார் பேர் வாசிப்பாரு, 'ஆசீர்'னு. நான் 'உள்ளேன் ஐயா'ம்பேன். பின் பெஞ்சுல இருந்து நாலு பேரு அதே மாதிரி கீச்சுக் குரல்ல 'உள்ளேன் ஐயா'ம்பான். ஆசீர் அக்கா. அதான் என் பேரு. எட்டாங்கிளாஸ்ல இருந்து நான் வாயைத் திறக்கறதே இல்ல, கையை மட்டும் தூக்கிருவேன். வாத்தியாரும் கேக்கிறதை விட்டுட்டாரு.

அப்பதான் நாயகம் வந்தான். முழுப்பேரு ஜோதிநாயகம். என் கிளாஸ்தான், ஆனா அதுவரை பேசினதில்ல. ஒரு ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வெளிய வாரேன், செருப்பு விடுற இடத்துல நிக்கான். "ஏல ஆசீர், எங்க சித்தப்பா மெட்ராஸ்ல இருந்து வந்தப்போ ஒரு கிடாரை விட்டுட்டுப் போயிட்டாரு. நான் நாலு மாசமா வாசிச்சுப் பழகியிருக்கேன். காஜா தாளம் போடுவான். சங்கரலிங்கம் புல்புல்தாரா வச்சிருக்கான். நீ பாடுதியா?"ன்னான். நான் கையைத் தூக்கிக் காட்டிட்டேன், கிளாஸ்ல மாதிரி. அவன் சிரிக்கல. "நீ வாயைத் திறந்தா போதும்ல. நமக்குப் பாட்டுக்காரியே வேண்டாம்"ன்னான்.

அந்தச் சொல்லை நான் பெரிசா எடுத்துக்கிட்டேன் தம்பி. பின்னால பாத்தா என்ன அர்த்தம்? பாட்டுக்காரி கிடைக்கிறவரைக்கும் நீ. அதானே?

நாயகத்தோட அப்பா தேவநேசம் மாமா சவப்பெட்டி செய்யுறவரு. கோயில்ல மூப்பர் வேற. வீட்டுக்குப் பின்னால தகரக் கொட்டகை. சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆசாரிமார் போனதும் அது எங்களுக்கு. சுத்திப் பெட்டியா அடுக்கி வச்சிருக்கும். பெருசு, சின்னது, கைப்பிடி போட்டது, போடாதது. முதல்ல ரெண்டு நாள் பயமாத்தான் இருந்தது. அப்புறம் பழகிட்டு. மரம் சுத்தி இருந்தா சத்தம் நல்லா கூடி வரும், அது உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். காஜாகிட்ட அப்ப ஒண்ணும் கிடையாது. மேலப்பாளையத்துல இருந்து சைக்கிள்ல வருவான், வந்து ஒரு பெட்டியைக் கவுத்துப் போட்டுத் தட்டுவான். பெருசுல தட்டினா 'தும்'முங்கும், சின்னதுல தட்டினா 'டக்'குங்கும். நடுவுல யாராவது பெட்டி கேட்டு வந்துருவாவ. சாவு சொல்லிட்டா வரும்? உடனே நாங்க நாலு பேரும் எந்திரிச்சு, கையைக் கட்டித் தலையைக் குனிஞ்சு நிப்போம். வந்தவங்களும் ஏதோ ஜெபம் பண்ணுத பிள்ளைகள்னு நினைச்சுக்கிட்டு, எங்களைப் பாத்து இன்னும் கொஞ்சம் அழுவாவ. அவங்க போன பிறகு காஜா வாயைப் பொத்திக்கிட்டு மரத்தூள்ல விழுந்து உருளுவான்.

தேவநேசம் மாமா நாங்க கீர்த்தனை படிக்கோம்னு நினைச்சுக்கிட்டிருந்தாரு. அவர் செருப்புச் சத்தம் கேட்டா நாயகம் கிடார்ல அப்படியே கீர்த்தனைக்கு மாறிருவான். நானும் கூடவே மாறிருவேன். ஒரு தடவை கூடப் பிடிபடல.

குழுவுக்குப் பேரு 'நியூ மெலடிஸ்'. சங்கரலிங்கம் கேட்டான், "நியூன்னு எதுக்குல போடுத, பழசு எங்க இருக்கு?"ன்னு. நாயகம் யோசிச்சுப் பாத்துட்டு, "ஆசீர் அக்கான்னு கூப்பிட்டாம்லா, அதாம்ல பழசு"ன்னான்.

முதல் கச்சேரி சங்கரலிங்கத்து அக்கா கல்யாணம். எனக்கு மேடையில நிக்கப் பயம். நாயகம் முதுகுக்குப் பின்னால நின்னு பாடினேன். அவன் ஆம்பளைக் குரல், நான் பொம்பளைக் குரல். கூட்டத்துக்கு என்னைத் தெரியல. மூணு பாட்டு முடிஞ்சதும் ஒரு அம்மா தலையில இருந்த மல்லிகைப்பூவைப் பாதி கிள்ளி எடுத்துக்கிட்டு மேடைக்கு வந்துட்டாவ. "பாடின பிள்ளை எங்க? வச்சு விடணும்"ங்காவ. நாயகம் முகத்துல ஒரு மாற்றமும் இல்லாம, "குடுங்க பெரியம்மா, நாங்க குடுத்துருதோம்"னு வாங்கினான். வாங்கி, என்னை அவனுக்கு முன்னால இழுத்து நிறுத்தினான். "இவன்தான் பெரியம்மா"ன்னான். அந்தம்மா என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, பூவை வாங்கி என் சட்டைப் பையில சொருகிட்டுப் போனாவ. யாரும் சிரிக்கல. அவ்வளவு பேர் இருந்தும் ஒருத்தர் கூடச் சிரிக்கல தம்பி.

அதுக்குப் பிறகு நான் முன்னால நின்னேன். பத்து மாசம். பள்ளிக்கூடத்துல பேர் வாசிச்சா 'உள்ளேன் ஐயா'ன்னு சத்தமாச் சொல்லுவேன். பின் பெஞ்சுக்காரனே திரும்பி, "நேத்து சாந்திநகர்ல பாடினது நீதானாமே?"ன்னு கேப்பான். நாலு பேரும் ஒரே தட்டுல சாப்பிடுவோம். காஜாவுக்கு நோம்புன்னா மத்த மூணு பேரும் அவன் முன்னால தண்ணி குடிக்க மாட்டோம். என் வாழ்க்கையில நான் ஆளுகளோட இருந்தது அந்தப் பத்து மாசந்தான்.

அப்புறம் உடைஞ்சிட்டு.

மகரக்கட்டு உடையுறதும்பாவ எங்க பக்கம். பையனுக்குக் குரல் உடைஞ்சு ஆம்பளைக் குரலாகுறது. எல்லாவனுக்கும் உடையுறதுதான். நாயகத்துக்கெல்லாம் பதிமூணுலயே உடைஞ்சிட்டு, ஒருத்தருக்கும் தெரியல. எனக்கு மட்டும் பதினாறு நடக்கும்போது, மேடையில வச்சு உடைஞ்சது.

முன்னாடியே தெரியும். காலையில எந்திரிச்சா தொண்டையில மணல் இருக்கிற மாதிரி இருக்கும். சித்தரத்தை, பனங்கல்கண்டு, மிளகு, எல்லாம் வாயில போட்டு அடக்கிக்கிட்டுப் பாடினேன். யாருகிட்டயும் சொல்லல. ஆனா நாயகம் கண்டுபிடிச்சுட்டான் போல. என்ன செஞ்சான் தெரியுமா? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம, பாட்டையெல்லாம் அரைக் கட்டை இறக்கி வாசிக்க ஆரம்பிச்சான். சுதியை இறக்கினா எனக்குத் தெரியாதா? எனக்கு எட்டாதுன்னு அவனே முடிவு கட்டிட்டான். நான் வேணும்னே அடுத்த பாட்டுல பழைய சுதிக்கே ஏறினேன். அவனும் என் பின்னாலயே ஏறி வந்தான்.

சமாதானபுரத்துல ஒரு கல்யாணம். மத்தியானப் பந்தி நடக்கு. ஜோடிப் பாட்டு, சரணத்துல பொம்பளைக் குரல் ஒரு இடத்துல மேல போய் நிக்கணும். போனேன். நிக்கல. கிழிஞ்சிட்டு. தகரத்தை ரோட்டுல இழுத்த மாதிரி ஒரு சத்தம். திரும்பவும் பிடிச்சுப் பாத்தேன், இந்தத் தடவை ஆம்பளைக் குரலா வந்து விழுந்தது. பந்தியில ஒருத்தன் சிரிச்சான். அப்புறம் எல்லாரும் சிரிச்சாவ. இலையில இருந்து கையை எடுத்துட்டுச் சிரிக்காவ.

அப்ப இந்த நாயகம் என்ன செஞ்சான்னு கேளுங்க. என்னை ஒரு கையால பின்னால தள்ளிட்டு, என் வரியை அவன் பாட ஆரம்பிச்சான். பொம்பளை மாதிரி. அவனுக்கு அந்தக் குரல் எங்க இருக்கு? கோழி கத்துற மாதிரி கத்தினான், இடுப்புல கையை வச்சுக்கிட்டு, கண்ணை உருட்டி. சனம் விழுந்து விழுந்து சிரிச்சது. என்னை மறந்துட்டாவ. அவனைப் பாத்தே சிரிக்காவ. பாட்டு முடியிறவரைக்கும் அப்படியே ஆடினான்.

எட்டாங்கிளாஸ்ல பின் பெஞ்சுக்காரன் செஞ்சதும் இதுதானே தம்பி? அதே கீச்சுக் குரல். அவன் செஞ்சா பரவாயில்ல. நீ செய்யலாமா? ஒரே தட்டுல சாப்பிட்டவன் செய்யலாமா? நான் மேடையை விட்டு இறங்கி நேரா வீட்டுக்கு வந்துட்டேன். அன்னையிலிருந்து நாயகத்துக்கிட்ட ஒரு வார்த்தை பேசல. இன்னைய தேதி வரைக்கும்.

அவன் வந்தான். வரலன்னு சொல்லல. தினம் வந்தான். நான் உள்ளறையில கதவைச் சாத்திக்கிட்டு, அம்மாகிட்ட இல்லன்னு சொல்லச் சொல்லுவேன். எங்கம்மாவுக்குப் பொய் வராது. "உள்ள இருக்கான் மக்கா, இல்லன்னு சொல்லச் சொல்லுதான்"னு சொல்லிருவாவ. அவன் அதுக்கும், "சரி அத்தை, நான் இங்கன இருக்கேன்"னு கட்டில்ல உக்காந்துக்கிடுவான். அம்மா காப்பி போட்டுக் குடுப்பாவ. என்னைப் பாக்க வந்தானா, காப்பி குடிக்க வந்தானான்னு கேட்டேன் அம்மாகிட்ட ஒருநாள். அம்மா டம்ளரைக் கழுவ எடுத்துட்டுப் போயிட்டாவ.

ஒரு மாசம் கழிச்சுக் கிடாரையும் தூக்கிக்கிட்டு வந்தான். கதவுக்கு வெளிய இருந்து பேசுதான். "ஏல ஆசீர், ஒரு பாட்டு போட்டிருக்கேன். சினிமாப் பாட்டு இல்ல, நம்ம பாட்டு. ரெண்டு கட்டைக்கும் கீழ. உனக்குன்னே போட்டது. உன் குரல் எப்படி உக்காரும்னு தெரியாது, ஆனா எங்க உக்காந்தாலும் இதைப் பாடலாம். கேட்டுப் பாரு"ன்னான். வாசிச்சான். வாசிச்சுக்கிட்டே அவன் தெரிஞ்ச மட்டும் பாடினான். நான் கதவுல சாஞ்சு கேட்டேன். என்ன பாட்டு அது? ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. ஒரு ஆள் இன்னொரு ஆளுகிட்ட மெதுவாப் பேசுற மாதிரி இருந்தது. மேல போய்ப் பூ வாங்கினவன் நான். என்னைத் தரையில உக்காரச் சொல்லுதான். முழுசும் வாசிச்சு முடிச்சுட்டு, "பிடிக்கலன்னா வேற போடுதேன்"ன்னான். நான் காதைப் பொத்திக்கிட்டேன்.

அதுக்குப் பிறகும் ரெண்டு தடவை வந்தான். அப்புறம் வரல. அப்படித்தானே நண்பனுங்க? முடியிறவரைக்கும் வருவாவ, அப்புறம் வர மாட்டாவ.

இது என்ன ஊரு, கயத்தாறா? சரி சரி.

ஏன் வரலன்னு எனக்குப் பிறகுதான் தெரிஞ்சது. ஒருநாள் சும்மா அந்தப் பக்கம் போனேன். அவனைப் பாக்க இல்ல, அந்த வழியா போனேன். தகரக் கொட்டகைக்கு உள்ள நான் பாடிக்கிட்டிருக்கேன் தம்பி. சத்தியமா. என் பாட்டு, என் குரல். ஓட்டை வழியா பாத்தா ஹெப்சிபா.

ஹெப்சிபா நாயகத்தோட தங்கச்சி. பதினாலு வயசு. அந்தப் பிள்ளை தினம் கொட்டகைக்கு வரும். மரத்தூள் அடுப்புக்குத் தூள் அள்ள. நாங்க பாடுதப்ப ஒரு மூலையில குத்த வச்சு, கூடையில தூளை அடைச்சு அடைச்சு, ஒரு மணி நேரம் அள்ளும். நாங்க கவனிச்சதில்ல. பத்து மாசமா அள்ளினது தூள் இல்லன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சது. நான் மூச்சு விட்ட இடத்துல மூச்சு விடுதா. நான் இழுத்த இடத்துல இழுக்கா. ஒரு இடத்துல எனக்கு வரிக்கு முன்னால லேசா ஒரு விக்கல் மாதிரி வரும், அது என் கோளாறு, அதையும் சேத்துப் பாடுதா.

பாட்டை நிறுத்திட்டு வெளிய வந்துட்டா. நிழல் தெரிஞ்சிருக்கும். "ஆசீரண்ணே! உள்ள வாங்க. சனிக்கிழமை பொருட்காட்சி மேடையில பாடணும், அந்தச் சரணம் எனக்கு வர மாட்டேங்கு. நீங்க எப்படி மேல போவிய? சொல்லித் தாங்கண்ணே"ன்னா. திருடினவ திருட்டுல ஒரு சாமான் குறையுதுன்னு என்கிட்டயே கேக்கா. சொல்லித் தரணும்னா வாயைத் திறக்கணும். திறந்தா என்ன வரும்? அந்தப் பிள்ளை முகத்துல சிரிப்பு வாரதை நான் பாக்கணுமா? திரும்பி வந்துட்டேன்.

அப்புறம் நடந்ததுக்கு என்னைக் குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல. சொல்லுதேன், நீங்களே கேளுங்க.

கோயில் வாசல்ல தேவநேசம் மாமா என்னைப் பிடிச்சு நிறுத்தினாரு. தோள்ல கையைப் போட்டு, "ஏன் மக்கா இப்பல்லாம் வீட்டுப் பக்கமே காணல? உன் குரல் இல்லாம கொட்டகையே செத்துக் கிடக்கு"ன்னாரு. பாசமாத்தான் கேட்டாரு. அதுக்கு நான், "அதான் ஹெப்சி பாடுதால்லா மாமா. சனிக்கிழமை பொருட்காட்சி மேடையில கூட அவதானே ஜோடிப் பாட்டு பாடப் போறா"ன்னேன். அவ்வளவுதான். கேட்டாரு, சொன்னேன். பொய் சொல்லச் சொல்லுதியளா, மூப்பர்கிட்ட, கோயில் வாசல்ல வச்சு? அவர் கை என் தோள்லயே கொஞ்ச நேரம் இருந்தது. அப்புறம் எடுத்துட்டாரு.

திருநெல்வேலிப் பொருட்காட்சியில அந்த வருஷம் மாணவர் இசைப் போட்டி. சாயங்காலம் நாலு மணி. ஜெயிச்சா பெரிய மேடையில ஒருநாள் கச்சேரி. நான் போனேன். பொருட்காட்சிக்கு யாரும் போலாம்லா. சேமியா ஐஸ் கடை ஓரமா நின்னுக்கிட்டேன். பேர் சொன்னாவ. "நியூ மெலடிஸ். கிடார், பாட்டு, ஜோதிநாயகம். பாங்கோஸ், காஜா மைதீன். புல்புல்தாரா, சங்கரலிங்கம். பாட்டு, ஹெப்சிபா. கோரஸ், ஆசீர்." கோரஸ்! நான் வராமலே என் பேரைப் போட்டிருக்கான். அதுவும் கோரஸ். கூட்டத்தோட கூட்டமா பின்னால நின்னு 'ஆஆ'ங்கிறது. அப்படி ஒரு மைக்கை ஓரமா நட்டும் வச்சிருக்கான். ஆள் இல்ல, மைக் மட்டும் நிக்கி.

ஹெப்சி பாடினா. செருப்பை மேடைக்குக் கீழ கழட்டி விட்டுட்டு, வெறுங்காலோட நின்னு பாடினா. நல்லாத்தான் பாடினா. அந்தச் சரணத்துல மேல போய், நின்னா. எப்படிக் கண்டுபிடிச்சான்னு தெரியல. சனம் கை தட்டுது. அப்ப தேவநேசம் மாமா கூட்டத்தை விலக்கிக்கிட்டு வந்தாரு. வேலைச் சட்டை, கையெல்லாம் தூள். சத்தம் போடல. திட்டல. மேடைக்குக் கீழ போய் நின்னு, குனிஞ்சு அவ செருப்பை எடுத்து நேரா வச்சாரு. "ஹெப்சிபா, செருப்பைப் போடு"ன்னாரு.

அவ்வளவுதான் சொன்னாரு. அவ பாட்டை நடுவுல விட்டுட்டு இறங்கினா. செருப்பைப் போட்டா. அவர் முன்னால போக, இவ பின்னால போனா. என் பக்கமாத்தான் போனாவ. அவ அழல. கீழயே பாத்துக்கிட்டுப் போனா.

காஜா நிறுத்திட்டான். சங்கரலிங்கம் நிறுத்திட்டான். நாயகம் மட்டும் வாசிச்சுக்கிட்டே இருந்தான். வாசிச்சுக்கிட்டே கூட்டத்தைப் பாக்கான், பாத்துக்கிட்டே வந்து என்னைக் கண்டுட்டான். ஐஸ் கடை ஓரத்துல நின்ன என்னை. தலையை அசைச்சான். அந்த மைக்கைக் காட்டி, வான்னான். அடுத்த வரி வாரதுக்கு முந்தி திரும்பவும் முதல்ல இருந்து வாசிக்கான், நான் நடந்து வாரதுக்கு நேரம் வேணும்லா, அதுக்காக. மூணு சுத்து வாசிச்சான்.

எப்படி இருக்கு பாத்தியளா? அவ இருந்தவரைக்கும் நான் கோரஸ். அவ போனதும் நான் வேணும். நான் திரும்பிட்டேன். வெளிவாசல் தாண்டுறவரைக்கும் அந்தக் கிடார் கேட்டுக்கிட்டே இருந்தது. அப்புறம் ராட்டினச் சத்தத்துல அடங்கிட்டு.

அதோட நியூ மெலடிஸ் முடிஞ்சது. ஹெப்சிபாவைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தி நாகர்கோவில்ல அத்தை வீட்டுக்கு அனுப்பிட்டாவ. தையல் படிச்சாளாம். பத்தொம்பதுல கல்யாணம். கிடாரை யாருக்கோ குடுத்துட்டாவ. நாயகம் அப்பாகூட பெட்டி செய்ய உக்காந்துட்டான். காஜா சவுதி போனான். எனக்குக் குரல் இப்படி வந்து உக்காந்தது. யாரும் என்னன்னு கேக்கல. நானும் யாரையும் கேக்கல. அம்மா போன பிறகு விருதுநகர் வந்துட்டேன். கல்யாணம்? பண்ணிக்கிடல. பொண்ணு பாக்கப் போனா பேசணும்லா.

போன மாசம் கடைக்கு ஒரு ஆள் வந்தாரு. தடுப்புக்கு முன்னால செல்வின்னு ஒரு பிள்ளை இருக்கும், அதுகிட்ட, "இங்க ஆசீர்னு…"ன்னு ஆரம்பிச்சதும் எனக்குத் தெரிஞ்சுட்டு. குரல் மாறல அவனுக்கு. நான் தடுப்புச் சந்து வழியா செல்விக்குக் கையைக் காட்டினேன், இல்லன்னு சொல்லச் சொல்லி. சொல்லிட்டு. அதுக்கும் அவன் போகல. ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்துக்கிட்டான். "என் மக கல்யாணம்மா. அவன் வரணும். அப்பா போன வருஷம் தவறிட்டாவ. சாகுறதுக்கு முன்னால என்கிட்டயும் தங்கச்சிகிட்டயும் எல்லாத்தையும் சொல்லிட்டாவ, யாரு சொல்லித் தெரியும்னு. நாங்க ஒண்ணும் மனசுல வைக்கலன்னு அவன்கிட்ட சொல்லிரும்மா. சின்னப் பிள்ளைகள் அப்ப எல்லாரும்"னான். செல்விக்கு ஒண்ணும் புரியல. "சரிங்க சார்"ன்னு என் போன் நம்பரையும் சேத்துக் குடுத்துட்டு.

மனசுல வைக்கலயாம்! நான்லா வச்சிருக்கேன். மன்னிக்கிறதுக்கு இவன் யாரு? நான் மிஷினைப் போட்டுட்டேன். லென்ஸ் இல்லாமலே ஓடிச்சு. அவன் போனானா இருக்கானான்னு பாக்கல, முக்கால் மணி நேரம் ஓட விட்டேன்.

இன்னைக்கு அந்தக் கல்யாணத்துக்குத்தான் போயிட்டு வாரேன். அதுக்குன்னு போகல. அம்மா கல்லறைக்குப் போய் நாளாச்சு, அப்படியே எட்டிப் பாத்தேன். கடைசி வரிசையில உக்காந்தேன். மேடையில மூணு கிழவங்க. நாயகத்துக்குத் தலையில முடியே இல்ல. காஜா வெள்ளைத் தாடியோட. சங்கரலிங்கத்துக்கு கீபோர்டுல கண்ணு தெரியல, மூக்கு இடிக்கிற மாதிரி குனிஞ்சு வாசிக்கான். அவன் கண்ணாடி பவர் மாத்தணும், தூரத்துல இருந்தே தெரிஞ்சது. எவனோ சரியாத் தேய்க்கல.

பந்தியில உக்காந்திருக்கேன், ஒரு அம்மா பாயச வாளியோட வந்து என் முன்னால நின்னாவ. நரைச்சிட்டு. ஆனா நிக்கிற தினுசு மாறல. "ஆசீரண்ணன்தானே நீங்க?"

"இல்லம்மா. நான் மாப்பிள்ளை வீடு"ன்னேன்.

ஹெப்சிபா உடனே போகல. நான் சொன்னதையே கேட்டுக்கிட்டு நிக்கிற மாதிரி கொஞ்ச நேரம் நின்னா. "நல்ல குரலாத்தான் வந்திருக்கு"ன்னா. சொல்லிட்டு, இன்னொரு கரண்டி ஊத்திட்டுப் போயிட்டா. மாப்பிள்ளை வீட்டுக்காரன் குரலைப் பத்தி அவளுக்கு என்ன வந்தது? எனக்கு அர்த்தமே ஆகல.

அஞ்சு நிமிஷத்துல மைக்ல நாயகம். "எங்க குழுவுல நாலாவது ஆள் ஒருத்தன். இந்த மண்டபத்துக்குள்ளதான் இருக்கான்னு இப்பதான் சொன்னாவ. ஆசீர், மேல வால. பாட வேண்டாம். வந்து நில்லு போதும்." பந்தியில எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாக்காவ. பக்கத்து இலைக்காரர் என்கிட்டயே கேக்காரு, "யாருங்க அது?"ன்னு. "தெரியலயே"ன்னேன். கையைக் கழுவிட்டு, சமையல்கட்டு வழியா வெளிய வந்துட்டேன். நிஜமா வேணும்னா இறங்கி வந்து கையைப் பிடிச்சு இழுக்கணும். மைக்ல கூப்பிட்டா அது ஊரையே கூப்பிடுறதுதானே தம்பி?

கோவில்பட்டி வந்துட்டா? இன்னும் இல்லையா.

இருங்க, போன் அடிக்கி. பாத்தியளா? பேர் போட்டு வைக்கல நான், ஆனா நம்பர் தெரியும். அவன்தான். மண்டபத்துல இருந்து அடிக்கான். ஒரு மாசமா அடிக்கான், நான் எடுத்ததில்ல.

எடுக்கலாம். எடுத்து என்ன செய்ய? ஹலோன்னு சொல்லணும். இந்தக் குரலை அவன் கேட்டதே இல்ல தம்பி. ஒரு தடவை கூட. 'ஆசீர்கிட்ட போனைக் குடுங்க'ன்னு என்கிட்டயே கேப்பான். அப்ப நான் என்ன சொல்ல?

நீங்க எடுங்களேன். இந்தாங்க. எடுத்து, 'அவர் முந்தின ஊர்லயே இறங்கிட்டாரு, போனை சீட்டுல விட்டுட்டாரு'ன்னு சொல்லிருங்க. சொல்லுங்க, உங்களுக்கு என்ன. இல்லன்னா ஒண்ணும் சொல்ல வேண்டாம், அவன் என்ன சொல்லுதான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. இந்தப் பச்சையை இப்படித் தள்ளணும்.

அடடா, நின்னுட்டு.

பரவாயில்ல, கையிலயே வச்சிருங்க, என்கிட்ட தராதிய. திரும்ப அடிப்பான். விடுற ஆளில்ல அவன்.